பிழைக்கச் சென்ற மண்ணில் பிறந்த அழைப்பு



வெளிநாட்டில் ஒரு பிள்ளையேனும் இல்லாத வீட்டை நம் பங்குகளில் தேடிக் காண்பது இன்று அரிது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், மலையகத்தின் தோட்டங்களிலும், கொழும்பின் மாடிக் குடியிருப்புகளிலும் மாலைச் செபமாலை முடிந்ததும் ஒரு பெயர் தனியாகச் சொல்லப்படுகின்றது. குவைத்திலோ சவுதி அரேபியாவிலோ வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் மகளின் பெயராக அது இருக்கலாம். இலண்டனில் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்யும் தங்கையின் பெயராக, ரொறன்ரோவில் தொழிற்சாலைக்குப் பனியில் நடந்து செல்லும் மருமகளின் பெயராகவும் இருக்கலாம். அவளுக்காக நாம் உருக்கமாகச் செபிக்கின்றோம். அவளுக்கு நல்ல சம்பளம் கிடைக்க வேண்டும், விசா கிடைக்க வேண்டும், நோய்நொடி வரக்கூடாது, வீட்டுக் கடன் விரைவில் தீர வேண்டும் என்று மன்றாடுகின்றோம்.

இவையெல்லாம் நியாயமான மன்றாட்டுகளே. ஆயினும், அன்பர்களே, ஒரு கேள்வியை நம் உள்ளத்திடம் கேட்டுப் பார்ப்போம். அந்த மகளுக்கென இறைவன் வைத்திருக்கும் பாதையை அவள் கண்டுகொள்ள வேண்டும் என்று நாம் என்றாவது செபித்ததுண்டா? அவள் அனுப்பும் பணத்துக்கு அப்பால், அவள் யார், என்னவாக ஆகிக்கொண்டிருக்கிறாள் என்று சிந்தித்ததுண்டா? அந்நிய மண்ணில் கூலிக்கு உழைக்கும் ஓர் இளம்பெண்ணை ஆண்டவர் அங்கேயே, அந்த வேலையின் நடுவிலேயே, பெயர் சொல்லி அழைக்கக்கூடும் என்பதை நாம் நம்புகின்றோமா?

இக்கேள்விகளுக்கு விடை தேடும்பொழுது, ஒரு நூற்றாண்டுக்கு முன் அகதியாய்க் கனடா நாட்டில் வந்திறங்கிய ரஷ்யப் பெண்ணொருவரின் வாழ்வு நம் கண்முன் நிற்கின்றது. அவர் பெயர் கத்தரின் டொஹேர்ட்டி. போரினால் வீடிழந்து, கடல் கடந்து, பிறர் துணியைத் துவைத்தும் பிறர் மேசையைத் துடைத்தும் பிழைத்த இவரது கதை, நம் மக்களுக்கு அந்நியமான கதையன்று.

பெற்றோர் இட்ட அத்திவாரம்

கத்தரின் 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ரஷ்யாவின் நிஷ்னி நொவ்கொறொட் நகரில் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம் அது. தந்தையின் பணி நிமித்தம் குடும்பம் சில காலம் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்தது. அங்கே சீயோன் அன்னை சபைக் கத்தோலிக்கக் கன்னியரிடம் அவர் கல்வி கற்றார். ரஷ்ய ஒர்த்தடொக்ஸ் திருச்சபையின் வழிபாட்டில் வளர்ந்த சிறுமியின் உள்ளத்தில் கத்தோலிக்க விசுவாசத்தின் விதையும் அப்போதே விழுந்துவிட்டது.

அவரது இளமைக்கால நினைவுகளுள் ஒன்றை அவர் பிற்காலத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. வீட்டில் பெரிய மனிதர்களுக்கு விருந்து நடந்துகொண்டிருந்த வேளையில் வாசலில் ஒரு பிச்சைக்காரர் வந்து நின்றார். தந்தையார் விருந்தினரிடம் விடைபெற்று எழுந்து, அம்மனிதரை வரவேற்று உள்ளே அழைத்துச் சென்றார். வீட்டின் சிறந்த பாத்திரங்களில் அவருக்கு உணவு பரிமாறப்பட்டது. பரிமாறியவர்கள் வேலைக்காரர்களல்லர், வீட்டின் பெற்றோரே. வாசலுக்கு வரும் ஏழை கிறிஸ்துவே என்பதை அக்குழந்தை எந்த மறைக்கல்வி நூலிலும் படிக்கவில்லை. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கண்டு கற்றுக்கொண்டது.

பெற்றோரே, இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவ்வீடும் நிலமும் பொன்னும் பொருளும் ஒரே காலப்பகுதியில் பறிபோயின. அந்தப் பிச்சைக்காரருக்குப் பரிமாறிய காட்சியை மட்டும் எந்தப் புரட்சியாலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

போரும் பசியும் ஒரு வாக்குறுதியும்

பதினைந்து வயதிலேயே, 1912ஆம் ஆண்டு, பொரிஸ் டீ ஹூக் என்னும் உறவினருக்குக் கத்தரின் மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் முதலாம் உலகப் போர் மூண்டது. கணவர் போர்முனைக்குச் செல்ல, கத்தரினும் தாதியாகப் போர்முனையில் பணியாற்றினார். அவரது துணிவுக்காகப் பதக்கமும் வழங்கப்பட்டது. ஆனால் 1917ஆம் ஆண்டின் புரட்சி அனைத்தையும் புரட்டிப் போட்டது. உயர்குடியில் பிறந்தவர்கள் என்பதே அவர்கள் குற்றமாயிற்று. உயிரைக் காத்துக்கொள்ள இருவரும் பின்லாந்துக்குத் தப்பினர். அங்கும் புரட்சியாளர்களின் கையில் அகப்பட்டு, உணவின்றிச் சாகும் தறுவாய்க்குத் தள்ளப்பட்டனர்.

அந்தப் பட்டினியின் நடுவே அவர் இறைவனுக்கு ஒரு வாக்குறுதி அளித்தார். இதிலிருந்து தம்மைக் காப்பாற்றினால், எவ்வாறேனும் தம் வாழ்வை இறைவனுக்கே கையளிப்பதாக அவர் சொன்னார். உயிர் தப்பியது. இங்கிலாந்தை வந்தடைந்த அவர், 1919ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அன்பர்களே, இத்தகைய வாக்குறுதிகளை நம்மவர்களும் அறிவர். பதுங்கு குழிகளுக்குள்ளும் படகுகளுக்குள்ளும் முகாம்களின் வேலிகளுக்குள்ளும் நம் மக்கள் இறைவனிடம் சொன்ன வார்த்தைகள் எத்தனை! 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நம் தமிழ் உறவுகள் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீனவர்களால் மீட்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவ்வேளையில் அப்படகுகளில் எழுந்த செபங்களை இறைவன் ஒருவரே அறிவார். கரையேறிய பின் வேலை, வாடகை, கடன் என்று நாட்கள் ஓடத் தொடங்கும்போது, கடலில் சொன்ன வார்த்தை மெல்ல மறந்துபோவது மனித இயல்பு. கத்தரினுக்கும் ஏறத்தாழ அவ்வாறே நேர்ந்தது.

சலவைத் தொட்டியும் உணவகத்து மேசையும்

1921ஆம் ஆண்டு கத்தரினும் கணவரும் கனடாவின் ரொறன்ரோ நகரை வந்தடைந்தனர். அதே ஆண்டு அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கணவரின் உடல்நிலை சரியில்லை, வருமானமும் போதவில்லை. பட்டத்தாலும் பரம்பரையாலும் வாடகை கொடுக்க முடியாது அல்லவா? இருபத்தைந்து வயதுப் பெண்ணான அவர் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்யத் தொடங்கினார். பின்னர் அதிக ஊதியம் தேடி, கணவரையும் குழந்தையையும் ரொறன்ரோவில் விட்டுவிட்டு, தனியாக நியூயோர்க் நகருக்குச் சென்றார். அங்கே சலவைக்கூடத்தில் துணி துவைத்தார். உணவகத்தில் பரிமாறினார். பெரிய அங்காடியொன்றில் விற்பனைப் பெண்ணாக நின்றார். உழைத்த பணத்தில் ஒரு பகுதி வீட்டுக்குப் போயிற்று.

இந்த வரிகளை வாசிக்கும்பொழுது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைக்குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் உள்ளே நடந்து செல்லும் நம் பெண்களின் முகங்கள் உங்கள் நினைவில் தோன்றாதிருக்குமா? 1985ஆம் ஆண்டு இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. அது முதல் இன்றுவரை எத்தனை தாய்மார் அவ்வாறு நடந்து சென்றுள்ளனர்! 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்த வரிசை மேலும் நீண்டது.

சலவைத் தொட்டியருகே நின்ற அந்த நாட்களில் கத்தரின் கற்றுக்கொண்ட பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. தாதியாக இருந்தபோது ஏழைகளுக்குக் குனிந்து உதவியவர் அவர். இப்போது ஏழைகளின் வரிசையிலேயே தாமும் ஒருவராக நின்றார். பெயர் கேளாமல் ஏவப்படுவது எப்படியிருக்கும், மொழியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பவர் முன் நிற்பது எப்படியிருக்கும், வேலை முடிந்து வெறுமையான அறைக்குத் திரும்புவது எப்படியிருக்கும் என்பதை அவர் தம் உடம்பாலேயே அறிந்துகொண்டார். பிறகு அவர் ஏழைகளுக்காகப் பேசியபோது அச்சொற்களில் இருந்த வலிமை இங்கிருந்தே பிறந்தது எனலாம்.

ஆயினும் உண்மையை மறைத்துப் பேசுதல் நமக்குத் தகாது. பிரிவுக்கு ஒரு விலை உண்டு. கத்தரினின் இல்லறம் இக்காலத்தில் சிதைந்தது. நெருங்கிய இரத்த உறவுக்குள் நடந்த அத்திருமணம் செல்லுபடியற்றது எனத் திருச்சபை பின்னர் தீர்ப்பளித்தது. பொருள் தேடிப் பிரியும் குடும்பங்கள் எதை இழக்கின்றன என்பதற்கு அவரது வாழ்வும் ஒரு சாட்சியே. புனித வாழ்வு என்றால் வடு இல்லாத வாழ்வு என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

கை நிறைந்த பின் எழுந்த கேள்வி

காலம் மாறியது. கத்தரினின் பேச்சாற்றலை அறிந்தவர்கள் அவரை மேடைக்கு அழைத்தனர். ரஷ்யாவின் கதையையும் புரட்சியின் கொடுமையையும் அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். கேட்கப் பெருந்திரள் கூடியது. துணி துவைத்த கைகளில் பணம் புழங்கலாயிற்று. வசதியான வீடு, நல்ல உடை, நற்பெயர் யாவும் வந்து சேர்ந்தன. புலம்பெயர்ந்தோர் யாவரும் கனவு காணும் வெற்றி இதுவன்றோ? நம் ஊரில் இத்தகைய மகளைப் பெற்ற தாய் எவ்வளவு பெருமை கொள்வாள்!

ஆனால் அவருடைய உள்ளம் அமைதியடையவில்லை. செல்வந்தர் ஒருவர் இயேசுவிடம் வந்து நிலைவாழ்வுக்கு வழி கேட்ட நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்தொடருமாறு ஆண்டவர் அவரை அழைக்கின்றார். அவரோ முகவாட்டத்துடன் திரும்பிச் செல்கின்றார். அந்தப் பகுதி கத்தரினை விடாமல் துரத்தியது. பின்லாந்தின் பட்டினியில் தாம் சொன்ன வார்த்தை மீண்டும் நினைவில் எழுந்தது. கையில் ஒன்றும் இல்லாதபோது எல்லாம் தருவேன் என்று இறைவனிடம் சொல்வது எளிது. கை நிறைந்திருக்கும்போது அச்சொல்லைக் காப்பாற்றுவதே கடினம்.

இங்கே ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. இந்த எண்ணம் தோன்றியவுடன் அவர் தன்னிச்சையாக எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடவில்லை. ரொறன்ரோ உயர்மறைமாவட்டப் பேராயராயிருந்த நீல் மக்நீல் ஆண்டகையிடம் சென்று தம் உள்ளத்தைத் திறந்தார். பேராயரோ உடனே இசைவு தரவில்லை. ஓராண்டு காலம் செபித்துவிட்டு வரும்படி சொன்னார். ஒரு சிறு பிள்ளையை வளர்க்கும் பொறுப்புள்ள பெண்ணிடம் அவசரப்பட்டு ஆமென் சொல்ல அந்த மேய்ப்பர் விரும்பவில்லை. கத்தரின் காத்திருந்தார். ஆண்டு கழிந்தும் அந்த ஏக்கம் தணியவில்லை. அதன் பின்னரே பேராயரின் ஆசியுடன் வசதியான வாழ்வைத் துறந்து, ரொறன்ரோவின் ஏழைகள் வாழும் பகுதியில் குடிபுகுந்தார்.

உண்மையான அழைப்புக்கும் திடீரென எழும் ஆசைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓராண்டு நமக்குக் கற்பிக்கின்றது. ஆசை காத்திருக்கச் சம்மதியாது. அழைப்போ காத்திருக்கக் காத்திருக்க வேரூன்றும்.

நட்பு இல்லம்

1929ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியினால் கனடாவிலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து தெருவில் நின்ற காலம் அது. கத்தரின் முதலில் யாருமறியாமல் தனியாக வாழ்ந்து, ஏழைகளின் அயலவராக இருந்து செபிக்கவே எண்ணியிருந்தார். ஆனால் அவரைப் போல வாழ விரும்பிய இளைஞரும் யுவதியரும் தேடி வரத் தொடங்கினர். 1934ஆம் ஆண்டு ரொறன்ரோவில் ‘நட்பு இல்லம்’ உருவானது. பசித்தவர்க்கு உணவும், உடையற்றோர்க்கு உடையும், வேலையற்றோர்க்கு வாசிகசாலையும், திருச்சபையின் சமூகப் படிப்பினை பற்றிய வகுப்புகளும் அங்கே வழங்கப்பட்டன. நன்கொடையாகக் கிடைத்ததைக் கொண்டே அந்த இல்லம் நடந்தது.

இப்படி நல்லது செய்தவருக்கு ஊரார் மாலை சூட்டினர் என்று நினைக்கின்றீர்களா? கம்யூனிஸ்டுகளால் வீடும் நாடும் இழந்த அவரையே கம்யூனிஸ்ட் என்று பழி தூற்றினர். கத்தோலிக்கர் நடுவிலிருந்தும் அவர்மீது சந்தேகம் எழுந்தது. வதந்திகள் பெருகி, 1936ஆம் ஆண்டு ரொறன்ரோ நட்பு இல்லம் மூடப்பட்டது. இரண்டாவது தடவையாக அவர் வீடிழந்தவரானார்.

1938ஆம் ஆண்டு அவர் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்குச் சென்றார். கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டு நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. அங்கே மீண்டும் ஒரு நட்பு இல்லத்தைத் திறந்தார். ஒரே நற்கருணையை உட்கொள்ளும் கிறிஸ்தவர்கள், தோலின் நிறத்தைக் கொண்டு சகோதரரை விலக்குவது எப்படி என்று அவர் மேடைதோறும் கேட்டார். அதற்காக வசைகளையும் வெறுப்பையும் தாங்கினார். பிற்காலத்தில் துறவியாகவும் ஆன்மிக எழுத்தாளராகவும் உலகறிந்த தோமஸ் மேர்ட்டன், 1941ஆம் ஆண்டு துறவு மடத்தில் சேருமுன் அந்த ஹார்லெம் இல்லத்தில் தொண்டு செய்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அன்பர்களே, சாதியாலும் ஊராலும் தோட்டத்தவர், பட்டினத்தவர் என்ற பெயர்களாலும் பிரிந்து நிற்கும் பழக்கம் நம் பங்குகளை விட்டு முற்றாக நீங்கிவிட்டதா? ஹார்லெமில் அவர் கேட்ட கேள்வி நம் கோவில் வாசலிலும் நிற்கின்றது.

கொம்பர்மியரின் சிறு வீடு

1943ஆம் ஆண்டு கத்தரின், எடி டொஹேர்ட்டி என்னும் புகழ்பெற்ற பத்திரிகையாளரை மணந்தார். சில ஆண்டுகளில் அமெரிக்க நட்பு இல்லங்களின் பணியாளருக்கும் அவருக்கும் இடையே கருத்து வேற்றுமை வளர்ந்தது. தாமே தொடங்கிய பணியிலிருந்து விலக வேண்டியவரானார். 1947ஆம் ஆண்டு மே மாதம், கணவருடன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள கொம்பர்மியர் என்னும் சிறு கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணத்தக்க வேளை அது.

அந்த முடிவிலிருந்தே இறைவன் புதியதைத் தொடங்கினார். அயலில் உள்ள நோயாளரைப் பராமரித்தும் தோட்டம் செய்தும் வாழ்ந்த அவ்வீட்டைத் தேடி மீண்டும் இளையோர் வந்தனர். ‘மடோனா இல்லம்’ என்னும் குழுமம் அங்கே பிறந்தது. பொதுநிலை ஆண்களும் பெண்களும் குருக்களும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய வாக்குறுதிகளுடன் ஒரே குடும்பமாக வாழும் இல்லம் அது. அவர்கள் பிறர் தரும் உடையை உடுத்து, பிறர் தரும் உதவியால் வாழ்ந்து, வருவோரை வரவேற்கின்றனர். பல நாடுகளிலும் அதன் கிளைகள் தோன்றின.

அங்கே பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் கிழங்கு தோண்டுவதும் செபத்துக்கு இடையூறான வேலைகளாகக் கருதப்படுவதில்லை. அந்தந்த நேரத்தின் கடமையை அன்போடு செய்வதே இறைவனின் விருப்பத்தை நிறைவேற்றும் வழி என்று கத்தரின் ஓயாது கற்பித்தார். நியூயோர்க்கின் சலவைக்கூடத்தில் நின்ற பெண்ணிடமிருந்து இப்போதனை பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தம் தாய்நாட்டின் ஆன்மிகச் செல்வத்தையும் அவர் புதிய நாட்டுக்குக் கையளித்தார். ரஷ்ய மொழியில் ‘பூஸ்தீனியா’ என்றால் பாலைவனம். ஒரு கட்டிலும் ஒரு மேசையும் ஒரு விவிலியமும் மட்டும் உள்ள சிறு குடிலில், அப்பமும் தண்ணீரும் போன்ற எளிய உணவோடு, ஒரு நாளை மௌனத்தில் இறைவனுடன் கழிக்கும் மரபை அச்சொல் குறிக்கின்றது. 1975ஆம் ஆண்டு அப்பெயரிலேயே அவர் எழுதிய நூல் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு கனடா அரசு அவருக்குத் தன் உயரிய விருதாகிய ‘ஓடர் ஒஃப் கனடா’ விருதை வழங்கியது. ஒரு காலத்தில் வெறுங்கையோடு வந்திறங்கிய அகதிப் பெண்ணை அந்நாடு தன் மகளெனக் கௌரவித்தது.

1985ஆம் ஆண்டு டிசெம்பர் 14ஆம் நாள் கத்தரின் இறைவனடி சேர்ந்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணிகள் தொடங்கப்பட்டு, இன்று திருச்சபை அவரை ‘இறை ஊழியர்’ என்று அழைக்கின்றது.

ரூத்து நடந்த வழி

திருவிவிலியத்திலும் இத்தகைய ஒரு மகளைக் காண்கின்றோம். மோவாபு நாட்டைச் சேர்ந்த ரூத்து இளம் விதவை. மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, அறுவடை நடக்கும் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி இருவர் வயிற்றையும் காத்தவள். அவ்வூரில் அவள் வேற்றினத்தாள், கூலிக்காரியிலும் கீழானவள். அந்த வயலிலேதான் அவளது வாழ்வின் வழி திறந்தது. போவாசு அவளை மணந்தார். அவள் வயிற்றில் பிறந்தவர் தாவீது அரசரின் பாட்டனார் ஆனார். மத்தேயு தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நம் ஆண்டவர் இயேசுவின் மூதாதையர் பட்டியலைத் தரும்போது, இந்த அந்நிய நாட்டுத் தொழிலாளிப் பெண்ணின் பெயரை விட்டுவிடவில்லை.

ரூத்து வயலுக்குப் போனது அரிசி வாங்கப் போகும் நம் பிள்ளையைப் போன்று வயிற்றுப் பாட்டுக்காகவே. அவள் கதிர் பொறுக்கினாள், இறைவனோ மீட்பின் வரலாற்றை நெய்துகொண்டிருந்தார்.

நமக்கான சிந்தனை

முதலில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரே, உங்களுக்கு. உங்கள் மகள் பெட்டியில் எடுத்துச் சென்ற உடைகள் கிழிந்து போகும். நீங்கள் அவள் கண்முன் வாழ்ந்த விசுவாசம் கிழியாது. ஆகவே இன்று வீட்டிலிருக்கும் இளைய பிள்ளைகளின் முன், வாசலுக்கு வரும் ஏழையை எவ்வாறு நடத்துகின்றீர்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்ததாக, தொலைபேசியில் அவளிடம் கேட்கும் முதற்கேள்வி எதுவென்று எண்ணிப் பாருங்கள். ‘பணம் போட்டாயா?’ என்பதற்கு முன் ‘பிள்ளை சாப்பிட்டாயா? ஞாயிறு பூசைக்குப் போக முடிகிறதா? மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்கும் தாய் தன் மகளைக் காப்பாற்றுகின்றாள். கடன் தீர்ந்த பின்னும், வீடு கட்டி முடிந்த பின்னும், இன்னும் ஓர் ஆண்டு, இன்னும் ஓர் ஆண்டு என்று அவளுடைய இளமையை நாம் நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லையா? அவள் படிக்க விரும்பினால், திருமணம் செய்ய விரும்பினால், துறவற வாழ்வை நாடினால், அல்லது வெறுங்கையோடு வீடு திரும்ப விரும்பினால், அதனை நன்றிகெட்டதனம் என்று உடனே தீர்ப்பிடாதீர்கள். பேராயர் மக்நீல் செய்தது போலச் செவிமடுங்கள், சேர்ந்து செபியுங்கள், காலம் கொடுங்கள்.

இரண்டாவதாக, அந்நிய நாட்டிலிருந்து இப்பத்திரிகையை வாசிக்கும் மகளே, உனக்கு. நீ செய்யும் வேலை சிறியதென்று உலகம் சொல்லலாம். பிறர் வீட்டுத் தரையைத் துடைக்கும் உன் கையை நாசரேத்தின் தச்சர் அறிவார். உன் வழி எங்கோ தொலைவில், நல்ல சம்பளமும் நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்த பின் தொடங்கும் என்று எண்ணாதே. இன்றைய கடமையை இன்று அன்போடு செய். அதுவே முதல் அடி. உன் உள்ளத்தில் ஓர் ஏக்கம் மீண்டும் மீண்டும் எழுமானால் அதை அடக்கியும் விடாதே, அதன் பின்னால் கண்மூடி ஓடியும் விடாதே. நம்பத்தக்க ஒரு குருவிடமோ துறவியிடமோ மூத்த சகோதரியிடமோ மனந்திறந்து பேசு. உன்னை நம்பி வாழ்வோருக்கான கடமையையும் எடைபோட்டுப் பார். வாரத்தில் ஒரு மணி நேரமாவது கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, உன் சிறிய அறையையே பாலைவனமாக்கி, விவிலியத்தோடு அமர்ந்திரு. ஆனால் ஒன்றை உறுதியாய் அறிந்துகொள். உன்னை அடிப்பவரையும், சம்பளம் மறுப்பவரையும், கடவுச்சீட்டைப் பறித்து வைப்பவரையும் பொறுத்துக்கொண்டிருப்பது இறைவனின் விருப்பமன்று. ஆண்டவர் இஸ்ரயேல் மக்களை எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து வெளியே அழைத்து வந்தவர். அத்தகைய நிலையில் தூதரகத்தின் உதவியையும் அருகிலுள்ள பங்கின் உதவியையும் நாடுவதற்கு நீ அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவதாக, பங்குச் சமூகமாகிய நமக்கு. 1914ஆம் ஆண்டு முதல் திருச்சபை புலம்பெயர்ந்தோருக்கென ஒரு நாளைக் கடைப்பிடித்து வருகின்றது. 2019ஆம் ஆண்டு முதல் பொதுவாகச் செப்டெம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறு அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அன்று மட்டுமன்றி, தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை நம் மறைக்கல்வி வகுப்புகளில் இனங்கண்டு, அவர்கள் தனிமையில் வாடாதவாறு அரவணைப்போமாக. அவமானத்தோடும் நோயோடும் திரும்பி வரும் பெண்ணின் வீட்டுக்கு வதந்தி போகுமுன் நம் பங்கு மக்கள் போவார்களாக. நம் ஊரில் வேலை தேடி வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் தோட்டத்து மகளும் நமக்கு ரூத்துவே. திருப்பலி முடிந்து அவள் தனியாக நடந்து செல்கின்றாளா, அல்லது யாராவது அவளைத் தேநீருக்கு அழைக்கின்றோமா?

திருக்குடும்பமே எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பம். அந்நிய மண்ணில் தச்சு வேலை தேடிய சூசையப்பரையும், மொழி புரியாத அயலவர் நடுவே அடுப்பு மூட்டிய மரியன்னையையும் நினைத்துக்கொண்டு, இவ்வாரம் நம் வீட்டுச் செபமாலையின்போது இவ்வாறு மன்றாடுவோம்:

எங்கள் தந்தையாகிய இறைவா, தொலைதூர நாடுகளில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளை உம் கையில் ஒப்படைக்கின்றோம். அவர்களின் உடலையும் மானத்தையும் விசுவாசத்தையும் காத்தருளும். எங்கள் தேவைகளின் சுமை அவர்களின் கண்களிலிருந்து உம் முகத்தை மறைக்காதிருக்கச் செய்தருளும். நீர் அவர்களுக்கென வகுத்த வழியை அவர்கள் கண்டுகொள்ளவும், அவ்வழி நாங்கள் விரும்பியதற்கு மாறாக இருந்தாலும் நாங்கள் அதை ஆசீர்வதித்து அனுப்பவும் எங்களுக்கு உள்ளம் தாரும். வழிநடையில் வந்து உதவும் மடு மாதாவே, எங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.